ஜெனரேட்டரும் தெருக் கம்பியும்: மின் பகிர்மானக் கழகத்துக்கும் மின் ஆய்வுத் துறைக்கும் ஒரு திறந்த மடல்

பெறுநர்:
தலைவர் மற்றும் மேலாண்மை இயக்குநர் அவர்கள், தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம், சென்னை.
அரசு தலைமை மின் ஆய்வாளர் அவர்கள், மின் ஆய்வுத் துறை, சென்னை.

பொருள்: நுகர்வோரின் ஜெனரேட்டர்களிலிருந்து மின்சாரம் விநியோகக் கம்பிகளுக்குத் திரும்பி ஏறுவதைத் தடுத்தல்.

மதிப்பிற்குரிய ஐயா,

காவிரி டெல்டா மாவட்டங்களில் வீடுகள், கடைகள், திருமண மண்டபங்கள் ஆகியவற்றுக்கு மின் இணைப்பு வேலை செய்துவரும் உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரன் என்ற முறையில் இம்மடலை எழுதுகிறேன். தங்கள் இரு அலுவலகங்களுக்கும் தனித்தனியாக எழுதாமல் ஒரே மடலாகவும், அதையும் எல்லோரும் படிக்கும்படியாகவும் எழுதுவதற்குக் காரணம் உண்டு. மீட்டருக்கு இப்பால் நடப்பது நுகர்வோரின் பொறுப்பு என்று பகிர்மானக் கழகம் ஒதுங்கிக்கொள்கிறது. குறிப்பிட்ட திறனுக்குக் கீழ்ப்பட்ட ஜெனரேட்டர் மின் ஆய்வுத் துறையின் கோப்புக்குள் வருவதே இல்லை. இவ்விரண்டுக்கும் இடையில் விடுபட்டுப்போன ஒரு சுவிட்சை, கட்டடத்தை ஒரு நேரத்தில் தெருக் கம்பியோடோ ஜெனரேட்டரோடோ மட்டும் சேர்க்கும் சேஞ்ச் ஓவர் சுவிட்சைப் பற்றியதுதான் இந்த மடல்.

மாதாந்திரப் பராமரிப்புக்காக இன்ன துணைமின் நிலையத்துக்கு உட்பட்ட ஊர்களில் காலை 9 மணி முதல் மின் விநியோகம் இருக்காது என்ற அறிவிப்பு நாளிதழ்களில் வருகிறது. கைப்பேசிக்குக் குறுஞ்செய்தியாகவும் வருகிறது. அதைப் படித்தவுடன் கடைத்தெருவில் நடப்பதைத் தாங்கள் அறிவீர்கள். ஜெராக்ஸ் கடைக்காரர் முதல் நாளே பெட்ரோல் வாங்கி வைக்கிறார். பால் பூத்தும் மருந்துக் கடையும் ஜெனரேட்டரை வாசலுக்கு இழுத்து வைக்கின்றன. அன்று முகூர்த்த நாளாக இருந்துவிட்டால் மண்டபத்தில் டீசல் நிரப்பப்படுகிறது. அதாவது, தங்கள் பணியாளர்கள் கம்பத்தில் ஏறிக் கம்பியைக் கையால் பிடிக்கும் அதே மணி நேரங்களில்தான் அந்தக் கம்பியோடு இணைந்திருக்கும் கட்டடங்களில் ஜெனரேட்டர்களும் ஓடுகின்றன. துணைமின் நிலையத்தில் பிரேக்கரை அணைத்து, லைன் கிளியர் என்னும் பணி அனுமதி வாங்கி, கம்பிப் பாதையைத் துண்டிக்கும் ஏ.பி. சுவிட்சை இறக்கி, இனி இந்தக் கம்பியில் மின்சாரம் இல்லை என்று முடிவுசெய்யும் நடைமுறை முழுவதும், மின்சாரம் துணைமின் நிலையத்தின் பக்கத்திலிருந்து மட்டுமே வரும் என்ற அனுமானத்தின்மேல் எழுப்பப்பட்டது. அந்த அனுமானம் ஜெனரேட்டர்கள் அரிதாக இருந்த காலத்துக்குப் பொருந்தியது. 2008-இல் தொடங்கிய மின் பற்றாக்குறை, 2012-இல் சென்னைக்கு வெளியே நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேற்பட்ட மின்வெட்டாக முற்றியபோது, சிறு கடைக்காரரும் ஜெனரேட்டர் வாங்கினார். பற்றாக்குறை பிறகு தீர்ந்தது; வாங்கிய இயந்திரங்களும், அவசரத்துக்கு அப்போது போடப்பட்ட இணைப்புகளும் அப்படியே தங்கிவிட்டன.

கட்டடத்தின் மெயின் சுவிட்ச் அணைக்கப்படாமல் இருக்கும்போது உள்ளே ஜெனரேட்டரை ஓட்டினால், அதன் மின்சாரம் அறைகளுக்குப் போவதைப் போலவே மீட்டர் வழியாக வெளியேறித் தெருவிலுள்ள எல்.டி. (தாழ்வழுத்த) கம்பிக்கும் போகும் என்பது தங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பொதுமக்களில் பலர் அறியாதது அதற்கு அடுத்த கட்டம். 11,000 வோல்ட்டை 433 வோல்ட்டாக இறக்கித் தரும் அதே டிரான்ஸ்பார்மர், கீழ்ப்பக்கத்திலிருந்து மின்சாரம் கொடுத்தால் அதே விகிதத்தில் உயர்த்தியும் தரும். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 250 வோல்ட் என்று வைத்துக்கொண்டால் அந்த விகிதம் 44; ஜெனரேட்டரின் 230 வோல்ட், எச்.டி. (உயரழுத்த) கம்பிகள் இரண்டுக்கு இடையே ஏறத்தாழ 10,000 வோல்ட்டாக நிற்கும். 100 கேவிஏ டிரான்ஸ்பார்மர் ஒன்றைச் சுமை ஏதுமின்றி மின்னூட்டி வைக்கச் சில ஆம்பியர்களே போதும், மண்டபத்தின் 62.5 கேவிஏ ஜெனரேட்டருக்கு அது ஒரு பொருட்டே அல்ல. ஆகவே எல்.டி. கம்பியில் வேலை செய்பவருக்கு மட்டுமல்லாமல், அந்தத் தெருவையே பாராத, அரைக் கல் தொலைவில் எச்.டி. கம்பியில் இன்சுலேட்டர் மாற்றிக்கொண்டிருக்கும் இன்னொரு குழுவுக்கும் இந்த ஆபத்து போய்ச் சேருகிறது.

இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குக் கிடைக்கும் பதில் ஒன்று உண்டு. சிறிய ஜெனரேட்டரைத் தெருக் கம்பியோடு சேர்த்தால் தெருவிலுள்ள அத்தனை வீட்டுச் சுமையும் அதன்மேல் விழுந்து எஞ்சின் திணறி நின்றுவிடும், ஆகையால் ஆபத்தில்லை என்பார்கள். அனுபவமுள்ள எலக்ட்ரீசியன்களே இதைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். முழுத் தெருவும் இணைந்திருக்கும் சாதாரண நாளில் இது பெரும்பாலும் நடக்கவும் செய்யும். ஆனால் கம்பி அறுந்து கிடக்கும்போதுதான் பணியாளர் வருகிறார். புயலில் கம்பி அறுந்தபின் தெரு இரண்டு மூன்று துண்டுகளாகிவிடுகிறது. ஒரு துண்டில் ஐந்தாறு வீடுகள் மட்டும் மிஞ்சியிருந்து, அவற்றின் மெயின் சுவிட்சுகளும் அணைக்கப்பட்டிருந்தால், அந்தத் துண்டு கம்பியை உயிரோடு வைத்திருக்க 2.5 கேவிஏ இயந்திரமே போதும். மேலும், எஞ்சின் நிற்பதற்கு எடுத்துக்கொள்ளும் சில விநாடிகள் கம்பியில் கை வைத்திருப்பவருக்கு நீண்ட நேரம். வீடுகளில் பொருத்தும் ஆர்.சி.சி.பி. 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டித்துவிடும்படி அமைக்கப்பட்டிருப்பதற்குக் காரணம், உடலின் வழியாக அதற்கு மேல் ஓடுவது இதயத்துடிப்பைக் குலைத்துவிடும் என்பதுதான். கடை வாசலில் இருக்கும் 2.5 கேவிஏ ஜெனரேட்டர் 10 ஆம்பியருக்கு மேல் தரவல்லது. அது 30 மில்லி ஆம்பியரைப் போல 300 மடங்குக்கும் அதிகம். ஆகவே சிறியது, பெரியது என்ற பேச்சு சுமையைப் பொறுத்த வரையில்தான் பொருந்தும்.

இனி, நடைமுறையில் இந்த இணைப்புகள் எப்படி இருக்கின்றன என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டுகிறேன். இவை எதுவும் தங்கள் அலுவலகங்களின் வரைபடங்களில் இருக்காது.

மிக எளியதும் மிகக் கொடியதும், இரண்டு முனையிலும் பிளக் வைத்த ஒயர். ஒரு முனையை ஜெனரேட்டரிலும் மறு முனையைச் சுவரிலுள்ள 16 ஆம்பியர் சாக்கெட்டிலும் செருகிவிட்டால் வீடு முழுவதும் எரியும். மெயின் சுவிட்சை முன்கூட்டியே அணைத்தார்களா என்பது ஒன்றே வீட்டுக்கும் தெருவுக்கும் இடையிலுள்ள தடுப்பு. அணைக்க மறந்ததை நினைவூட்ட அங்கே எதுவும் இல்லை. விளக்கு எரிகிறது, காற்றாடி சுற்றுகிறது, எல்லாம் சரியாக நடப்பதாகவே வீட்டாருக்குத் தோன்றும். அந்த ஒயர் சாக்கெட்டிலிருந்து தற்செயலாகக் கழன்றால், வெளியே நீண்டிருக்கும் பித்தளைப் பின்களில் 230 வோல்ட் நிற்கும் என்பதையும், அந்த வீட்டில் தவழும் குழந்தை இருக்கலாம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எலக்ட்ரிக்கல் கடைகளில் இதைக் கேட்பவருக்குக் கேள்வி எதுவும் கேட்காமல் பிணைத்துக் கொடுக்கிறார்கள்.

அடுத்தது, பியூஸ் கேரியரைப் பிடுங்கி வைத்துவிட்டு ஜெனரேட்டர் கொடுப்பது. முன்னதைவிட இது கவனமானதாகத் தோன்றும்; பேஸ் துண்டிக்கப்படுவதும் உண்மை. ஆனால் நியூட்ரல் தெருவோடு சேர்ந்தே இருக்கிறது. சிறிய ஜெனரேட்டர்களில் இரு முனைகளில் எதுவும் தரையோடு இணைக்கப்பட்டிருப்பதில்லை. எது பேஸாகவும் எது நியூட்ரலாகவும் ஆகும் என்பது பிளக்கை எப்படித் திருப்பிச் செருகினார்கள் என்பதைப் பொறுத்தது. ஏதோ ஒரு பழுதான மிக்சியிலோ ஈரச் சுவரிலோ மறு முனை தரையைத் தொட்டுவிட்டால், புயலில் அறுந்து டிரான்ஸ்பார்மரின் எர்த்திலிருந்து பிரிந்து நிற்கும் தெரு நியூட்ரல் முழு வோல்ட்டேஜுக்கு வந்துவிடும். நியூட்ரல்தானே என்று எந்தக் கம்பியைப் பணியாளர் அலட்சியமாகத் தொடுவாரோ அதிலேயே மின்சாரம் வந்து நிற்கிறது. ஒரு பேஸ் இணைப்புக்கு இரு முனைச் சேஞ்ச் ஓவர் சுவிட்சும், மும்முனை இணைப்புக்கு நான்கு முனைச் சுவிட்சும் வேண்டும் என்று நாங்கள் வற்புறுத்துவது இதனால்தான். மூன்று முனைச் சுவிட்சைப் பொருத்தி நியூட்ரலைப் பொதுவாக விட்டுவிடும் மண்டபங்கள் இன்னமும் இருக்கின்றன.

மும்முனை இணைப்புள்ள வீட்டுக்கு ஒரு பேஸ் ஜெனரேட்டர் வாங்கியவர்கள் செய்யும் வேலை வேறு மாதிரியானது. எல்லா அறைகளிலும் விளக்கு எரிய வேண்டும் என்பதற்காக, போர்டில் மூன்று பேஸ்களையும் ஒரு துண்டு ஒயரால் சேர்த்துவிடுகிறார்கள். மின்சாரம் திரும்பி வரும்போது அந்தத் துண்டு ஒயரை எடுக்க மறந்திருந்தால் பேஸோடு பேஸ் நேருக்கு நேர் மோதும். போர்டுக்கு முன்னால் நிற்பவரின் முகமும் கையும் கருகுவதற்கு ஒரு விநாடி வேண்டாம்.

திருமண மண்டபங்களில் நான் காண்பது பெரும்பாலும் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சுவிட்சுகள்: ஒன்றின்மேல் 'ஈபி', மற்றதன்மேல் 'ஜென்' என்று பெயிண்டில் எழுதியிருக்கும். முதலாவதை இறக்கிய பிறகே இரண்டாவதை ஏற்ற வேண்டும் என்று காவலாளிக்குச் சொல்லியிருப்பார்கள். மாப்பிள்ளை அழைப்பு நடக்கும் நேரத்தில் மின்சாரம் போகிறது. நாதஸ்வரத்தின் மைக் நின்றுவிட்டது. நாலு பேர் காவலாளியைப் பார்த்துக் கத்துகிறார்கள். இருட்டில் அவர் கை எந்தச் சுவிட்சுக்கு முதலில் போகும் என்பதன்மேல் கம்பத்திலிருப்பவரின் உயிரை நாம் நிறுத்தி வைத்திருக்கிறோம். பழைய ரயில் நிலையங்களில் கேட்டைச் சாத்திப் பூட்டாமல் கைகாட்டியை இறக்கவே முடியாதபடி நெம்புகோல்களைப் பிணைத்திருந்தார்கள். கேட் கீப்பரின் ஞாபகத்தை எவரும் நம்பியிருக்கவில்லை. ஒரே கைப்பிடியால் ஒரு பக்கம் மட்டுமே சேரக்கூடிய சேஞ்ச் ஓவர் சுவிட்ச் செய்வதும் அதுவே. மின்சாரம் போனதும் தானாக ஓடத் தொடங்கும் பெரிய ஜெனரேட்டர்களின் பேனல்களில்கூட, இணைப்பைத் தானாக மாற்றும் கான்டாக்டரின் முனைகள் உருகி ஒட்டிக்கொள்வது உண்டு என்பதால், கட்டுப்பாட்டு ஒயரிங்கில் மட்டும் இருக்கும் தடுப்பு போதாது. இரண்டும் ஒருசேர இணைய முடியாதபடி இரும்பாலான பிணைப்பு இருந்தாக வேண்டும்.

சரியான சுவிட்ச் போட்டபிறகும் தவறு நேரும் இடம் ஒன்று இருக்கிறது; மேற்பார்வையிடும் பொறியாளர்களும் தவறவிடக்கூடியது என்பதால் அதையும் எழுதுகிறேன். நம் ஊர்களில் ஒரே கட்டடத்துக்கு இரண்டு மூன்று சர்வீஸ்கள் இருப்பது சாதாரணம். 2016 மே மாதம் முதல் வீட்டு இணைப்பு ஒவ்வொன்றுக்கும் இரு மாதத்துக்கு 100 யூனிட் கட்டணமில்லை என்றான பிறகு, மாடிக்கொன்று கீழுக்கொன்று என்று பிரித்து வாங்குவதில் ஆதாயமும் கூடியது. சர்வீஸ் பிரிந்தது, பழைய ஒயரிங் முழுவதுமாகப் பிரியவில்லை. மாடிப்படி விளக்கு கீழ் வீட்டுப் பேஸிலும் மேல் வீட்டு நியூட்ரலிலும் எரியும். தண்ணீர் மோட்டாருக்கு இரண்டு சர்வீஸிலிருந்தும் எடுத்துக்கொள்ளும் சுவிட்ச் ஒன்று இருக்கும். கீழ் வீட்டின் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் தன் சர்வீஸை ஒழுங்காகத் துண்டித்துவிட்ட பிறகும், இந்தப் பின்வாசல் வழியாக ஜெனரேட்டர் மின்சாரம் மேல் வீட்டு மீட்டருக்குப் போய் அங்கிருந்து தெருவுக்கு இறங்கிவிடுகிறது. வணிக வளாகங்களில் இது இன்னும் சிக்கலானது. ஆகவே சுவிட்ச் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு வருவது ஆய்வாகாது. ஜெனரேட்டரை ஓட்டி, கட்டடத்தின் ஒவ்வொரு கட் அவுட்டின் (சர்வீஸ் ஒயர் வந்து சேரும் பியூஸ் பெட்டி) வெளிப்பக்கத்திலும் மின்சாரம் இல்லை என்று சோதித்துப் பார்க்க வேண்டும்.

வாடகை ஜெனரேட்டர்களைப் பற்றித் தனியாகவே எழுதலாம். கோயில் திருவிழாவுக்கும் கட்சிக் கூட்டத்துக்கும் மினி வேனில் வந்து நிற்கும் ஜெனரேட்டருக்கு நிலையான இணைப்பு என்பதே கிடையாது. அன்றன்றைக்கு எங்கே வசதியோ அங்கே இணைக்கிறார்கள். இதன் உச்சத்தை நாங்கள் பார்த்தது 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த பிறகுதான். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. உள்ளடங்கிய சிற்றூர்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆயிற்று. குடிநீர் இல்லாமல் மக்கள் தவித்ததால் ஊராட்சிகளே ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்து மேல்நிலைத் தொட்டிகளுக்கு நீரேற்றின. அதைக் குறை சொல்ல எவருக்கும் வாய் வராது. நானே சில மோட்டார் அறைகளில் இணைப்புக் கொடுத்திருக்கிறேன். ஆனால் ஊர் ஊராகப் போய் மணிக்கணக்கில் ஓட்டிவிட்டு அடுத்த ஊருக்குப் புறப்படும் அந்த வண்டிகளை இணைத்தவர் யார், மோட்டார் அறையின் சர்வீஸ் ஒயரை அவர் கழற்றினாரா என்று கேட்பதற்கு ஒரு முறைமை இல்லை. அதே நாட்களில் அதே கம்பிகளில் மற்ற மாவட்டங்களிலிருந்தும் கேரளத்திலிருந்தும் வந்திருந்த பணியாளர்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். உள்ளூர் லைன்மேனுக்கு எந்த வீட்டில் ஜெனரேட்டர் இருக்கிறது, எந்தக் கடைக்காரர் அசட்டையானவர் என்பது தெரியும். சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். வெளியூரிலிருந்து உதவிக்கு வந்தவருக்கும், கம்பம் நட அழைத்து வரப்பட்ட ஒப்பந்தத் தொழிலாளிக்கும், புதிதாகச் சேர்ந்த கேங்மேனுக்கும் அந்த அறிவு எங்கிருந்து கிடைக்கும்?

ஜெனரேட்டரின் உரிமையாளர் தன் பொருட்டாவது அஞ்ச வேண்டியதும் உண்டு. மெயின் சுவிட்ச் அணைக்கப்படாத நிலையில் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது தெருவில் மின்சாரம் திரும்பினால், 50 ஹெர்ட்ஸில் நிலையாக நிற்கும் பெரும் வலையமைப்போடு, 48-க்கும் 52-க்கும் இடையே அலையும் ஒரு சிறு எஞ்சின் எந்த ஒத்திசைவும் இல்லாமல் திடீரென்று பிணைக்கப்படுகிறது. இரண்டும் நேர் எதிர்க் கட்டத்தில் சந்தித்தால் அவற்றுக்கிடையே நிற்பது இரு மடங்கு வோல்ட்டேஜ். ஆல்டர்னேட்டரின் சுருள் எரியலாம், இணைப்புத் தண்டு முறியலாம், பெட்ரோல் தொட்டி பக்கத்திலேயே இருப்பதால் தீயும் பிடிக்கலாம். இதைச் சொன்னால் உடனே காது கொடுக்கிறார்கள். லைன்மேனைப் பற்றிச் சொன்னபோது கேட்காதவர்களும் கேட்கிறார்கள். மனித இயல்பு அது. விழிப்புணர்வுத் துண்டறிக்கை அச்சிடுவோர் இதை மனத்தில் வைத்துக்கொள்ளலாம்.

இந்த இடத்தில் ஒரு முரண்பாட்டைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன். 2024 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் மொட்டைமாடியில் சூரியத் தகடு வைத்தவர்கள், கரண்ட் போனால் நல்ல வெயிலிலும் சோலார் நின்றுவிடுகிறதே என்று என்னிடம் குறைப்பட்டுக்கொள்கிறார்கள். தெருவில் மின்சாரம் இல்லாதபோது வலையமைப்போடு இணைந்த இன்வெர்ட்டர் தன்னைத்தானே துண்டித்துக்கொண்டாக வேண்டும் என்பது அதன் கட்டாயத் தகுதி. கம்பியில் வேலை செய்பவரின் பாதுகாப்புக்காகவே அப்படி என்று அவர்களுக்கு விளக்குகிறேன். விண்ணப்பம், ஒப்புதல், இருவழி மீட்டர், சோதனை என்று அத்தனையும் கடந்தபிறகே மூன்று கிலோவாட் சூரிய மின்சாரம் தெருக் கம்பியைத் தொட முடிகிறது. அடுத்த வீட்டிலிருக்கும் அதே மூன்று கிலோவாட் பெட்ரோல் ஜெனரேட்டர், எவர் அனுமதியும் இல்லாமல், எந்தத் தானியங்கித் தடுப்பும் இல்லாமல், இரட்டைப் பிளக் ஒயர் ஒன்றின் துணையோடு அதே கம்பியைத் தொட்டுவிடுகிறது.

சட்டம் இதை முற்றிலும் மறந்துவிடவில்லை. 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளில் 47-ஏ என்ற விதி, ஜெனரேட்டர் நிறுவும் நுகர்வோர் 30 நாட்களுக்கு முன்பே மின் வழங்குநருக்கும் ஆய்வாளருக்கும் தெரிவிக்க வேண்டும் என்றும், 10 கிலோவாட்டுக்கு மேற்பட்டதை ஆய்வாளரின் எழுத்துபூர்வமான ஒப்புதலின்றி இயக்கக் கூடாது என்றும் சொன்னது. அவ்விதிகளின் இடத்துக்கு மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு ஒழுங்குமுறைகள் 2010-இலும், அவற்றின் திருத்திய வடிவம் 2023-இலும் வந்தன. எந்தத் திறனுக்கு மேல் ஆய்வு வேண்டும் என்பதை அரசு அறிவிக்கையால் நிர்ணயிக்கும் முறை ஏற்பட்டது. திறனை வைத்து எல்லைக்கோடு போடுவது இயந்திரத்தின் விலைக்கும் சுமைக்கும் பொருந்தலாம். மேலே சொன்ன காரணங்களால் இந்த ஆபத்துக்குப் பொருந்தாது. 10 கிலோவாட் என்பது 12.5 கேவிஏ. அதற்கு மேற்பட்டவை பெரும்பாலும் நிலையான பேனலும் தகுதியுள்ள ஒப்பந்தக்காரரும் வைத்துப் பொருத்தப்படுபவை. சாக்கெட்டில் செருகப்படுவதும், பியூஸைப் பிடுங்கிவிட்டு இணைக்கப்படுவதும், மினி வேனில் ஊர் சுற்றுவதும் அதற்குக் கீழ்ப்பட்டவை. உயிரிழப்பு நேர்ந்த பிறகு மின்சாரச் சட்டம் 2003-இன் 161-ஆம் பிரிவின்கீழ் ஆய்வாளர் விசாரிக்கலாம்; காவல் துறை கவனக்குறைவு வழக்கும் பதியலாம். அந்த வழக்கு சுவிட்சைப் போட்ட காவலாளியின்மேல் விழுமே தவிர, பிணைப்பில்லாத சுவிட்சை வாங்கிக் கொடுத்தவர்மேல் விழுமா என்பது ஐயமே.

ஆகவே நான் வேண்டுவது, எல்லாச் சிறு ஜெனரேட்டர்களுக்கும் ஆய்வாளர் ஒப்புதல் வேண்டும் என்ற புதிய கெடுபிடி அல்ல. அப்படி ஓர் ஆணை வந்தால் ஜெனரேட்டர்கள் ஒளித்து வைக்கப்படும். லஞ்சத்துக்கு இன்னொரு வாசல் திறக்கும். கம்பத்திலிருப்பவருக்கு ஒரு பயனும் விளையாது. இணைப்பு முறையை மட்டும் கட்டாயமாக்குங்கள்: எந்தத் திறனுடைய ஜெனரேட்டரானாலும், கட்டடத்தின் ஒயரிங்கோடு சேர்வதாக இருந்தால், நியூட்ரலையும் சேர்த்துத் துண்டிக்கும், இயந்திரப் பிணைப்புள்ள சேஞ்ச் ஓவர் சுவிட்ச் வழியாக மட்டுமே சேர வேண்டும். அதற்கு வழியில்லாதவர்கள் நீட்டிப்பு ஒயர் மூலம் நேரடியாக விளக்கையும் காற்றாடியையும் இணைத்துக்கொள்ளட்டும். அதில் தெருவுக்கு ஆபத்தில்லை. ஒரு நல்ல சுவிட்ச்சுக்கும் அதைப் பொருத்தும் கூலிக்கும் சில ஆயிரம் ரூபாய் ஆகும். ஜெனரேட்டர் வாங்கியவரால் தர முடியாத தொகை அல்ல. புதிய இணைப்புக்கும் சுமை உயர்வுக்கும் நாங்கள் கையெழுத்திட்டுத் தரும் சோதனை அறிக்கையில், ஜெனரேட்டர் இருக்கிறதா, எப்படி இணைக்கப்பட்டிருக்கிறது என்ற இரண்டு கேள்விகளைச் சேர்த்துவிட்டால், பொய்யாக எழுதியவரின் உரிமத்தை ரத்து செய்யவும் தங்களுக்கு வழி கிடைக்கும். எங்கள் தொழிலில் இருப்பவர்கள் சிலருக்கு இந்தக் கடைசி வரி பிடிக்காது என்பதை அறிந்தே எழுதுகிறேன்.

எங்கெங்கே ஜெனரேட்டர் இருக்கிறது என்ற கணக்கை எடுக்கத் தனி ஆள் வேண்டியதில்லை. கணக்கீட்டாளர் இரு மாதத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு மீட்டருக்கும் முன்னால் நிற்கிறார். அவர் கையிலிருக்கும் கருவியில் ஒரு கட்டம் கூடுதலாக இருந்தால் போதும். ஒரே சுற்றில் டிரான்ஸ்பார்மர் வாரியான பட்டியல் பிரிவு அலுவலகத்துக்கு வந்துவிடும். லைன் கிளியர் எழுதும்போது அந்த டிரான்ஸ்பார்மரின் கீழுள்ள ஜெனரேட்டர் இணைப்புகளின் எண்களும் தாளில் இருந்தால், போர்மேன் ஆளனுப்பிப் பார்க்கலாம், அல்லது அந்தச் சர்வீஸ்களைக் கம்பத்திலேயே கழற்றி வைக்கலாம். வெளியூர்க் குழுவின் கையில் கொடுப்பதற்கும் அந்தத் தாள் உதவும். ஸ்மார்ட் மீட்டர்கள் வந்த பிறகு கணக்கீட்டாளர் வருவது நின்றுபோகும் என்கிறார்கள். அப்படியானால் இதை அதற்கு முன்பே முடித்துக்கொள்வது நல்லது.

பட்டியல் முழுமையாக இராது. ஆகையால் கம்பியைத் தொடுமுன் சோதிப்பதும், வேலை செய்யும் இடத்தின் இருபுறமும் கம்பிகளை ஒன்றோடொன்று சேர்த்து எர்த் செய்வதும் மட்டுமே பணியாளரின் கையிலிருக்கும் இறுதிக் காப்பு. எச்.டி. கம்பியில் எர்த் ராட் போடும் பழக்கம் ஓரளவு இருக்கிறது. எல்.டி. கம்பியில் அதைச் செய்வதை நான் பார்த்தது குறைவு. நான்கு கம்பிகளுக்கும் கீழே ஓடும் தெருவிளக்குக் கம்பியைச் சேர்த்து எர்த் செய்வதைப் பார்த்தது அதனினும் குறைவு. விழாக் காலத்தில் சீரியல் லைட் போடுபவர்கள் முதலில் கை வைப்பது அந்த ஐந்தாவது கம்பியில்தான். பிரிவு அலுவலகங்களில் எர்த் செட்டுகள் எத்தனை இருக்கின்றன, அவற்றின் கிளாம்ப்புகள் பிடிக்கும் நிலையில் இருக்கின்றனவா, ஒப்பந்தத் தொழிலாளிகளுக்கும் அவை தரப்படுகின்றனவா என்று ஒரு முறை நேரில் எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். அலுவலகத்தின் கடிதத்துக்கு வரும் பதிலை நம்ப வேண்டாம் என்று பணிவோடு சொல்லிக்கொள்கிறேன்.

ஊராட்சிகளின் மோட்டார் அறைகளுக்கு மட்டும் இதைக் காலதாமதமின்றிச் செய்துவிடலாம். ஜெனரேட்டர் இணைப்பதற்கென்று வெளிப்புறத்தில் ஒரு நிலையான முனையும், அதற்கு உள்ளே நான்கு முனைச் சேஞ்ச் ஓவர் சுவிட்சும் ஒவ்வொரு மேல்நிலைத் தொட்டியிலும் இருந்தால், அடுத்த புயலில் வாடகை வண்டிக்காரர் பேனலைத் திறக்கவே தேவையிராது. ஊரக வளர்ச்சித் துறையோடு தாங்கள் பேச வேண்டிய காரியம் அது. கடலோர மாவட்டங்களிலிருந்து தொடங்குவது முறையாக இருக்கும்.

இவற்றுக்கெல்லாம் முன்பாக, செலவே இல்லாத ஒன்று இருக்கிறது. பராமரிப்பு நாளுக்காகத் தாங்கள் அனுப்பும் குறுஞ்செய்தியிலும் நாளிதழ் அறிவிப்பிலும், ஜெனரேட்டரை ஓட்டுமுன் மெயின் சுவிட்சை அணையுங்கள், சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் இணைக்க வேண்டாம் என்ற ஒரு வாக்கியத்தைச் சேர்க்கலாம். தெருக் கம்பியில் ஜெனரேட்டர் மின்சாரம் ஏறுவதாக ஐயப்படுபவர்கள் தங்கள் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 என்ற எண்ணில் சொல்லலாம் என்பதையும் அதிலேயே குறிப்பிடலாம். மின்சாரம் இல்லாத தெருவில் ஒரு தெருவிளக்கு மட்டும் மங்கலாக எரிந்தால் அதை முதலில் காண்பவர்கள் அங்கே குடியிருப்பவர்கள்தாம்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். அதற்கு முன் டெல்டாவில் ஏதேனும் ஒரு பிரிவு அலுவலகத்தைத் தேர்ந்தெடுத்து, அதன்கீழ் உள்ள திருமண மண்டபங்களிலும் மோட்டார் அறைகளிலும் ஜெனரேட்டரை ஓட்டிச் சோதித்துப் பார்க்கத் தாங்கள் உத்தரவிட்டால், மெகரும் மல்ட்டி மீட்டரும் எடுத்துக்கொண்டு என் செலவில் உடன் வர நான் ஆயத்தமாக இருக்கிறேன். என்னைப் போன்ற ஒப்பந்தக்காரர்கள் இன்னும் சிலரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். முகூர்த்தம் இல்லாத ஆடி மாதத்தில் வைத்துக்கொண்டால் மண்டபங்கள் காலியாக இருக்கும்.

இங்ஙனம்,
உரிமம் பெற்ற மின் ஒப்பந்தக்காரர் ஒருவர்,
காவிரி டெல்டா.